அப்புறம் நீங்க என்ன ஆனீங்க?

“அந்தப் புள்ள கடைய வித்துரலாங்குது. அம்மாக்காரி வேண்டாங்குது. சண்டை. அவ்வளவுதானுங்க” என்று திருமலைசாமி பதினோராவது எபிசோடைச் சொல்லி முடித்தார். மூன்று மணிக்கு ஆரம்பித்த கதை மூன்று மணி இரண்டு நிமிடத்துக்கு முடிந்துவிட்டது. எதிரே பாயில் உட்கார்ந்திருந்த ஜாஹிதாவும் ராசம்மாளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கல்யாண வீட்டுக்குப் போய்த் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு வந்தவர்களைப் போலிருந்தது அவர்கள் முகம். கட்டிலில் சாய்ந்திருந்த அவருடைய மனைவி பங்காரம்மா, வாயைத் திறக்கக் கூடாது என்ற டாக்டரின் உத்தரவை நினைத்துக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

ஜாஹிதா பக்கத்து வீட்டில் பிளவுஸ் தைக்கிறவள். ராசம்மாள் எதிர்வீட்டில் இட்லி மாவு அரைத்து பாக்கெட் போடுகிறவள். ஊரே டி.வி. முன்னால் உட்காருகிற சாயங்கால நேரத்தில்தான் இருவருக்கும் வேலை கழுத்தை நெரிக்கும். அதனால் தினமும் மதியம் மூன்று மணிக்குப் பங்காரம்மாவின் முன்னறைக்கு வந்து கதையைக் கேட்டுவிட்டு நாலேகாலுக்குப் போவார்கள். ஒரு மணி நேர எபிசோடைப் பங்காரம்மா ஒன்றேகால் மணி நேரம் சொல்வாள். கணபதி என்ற அந்தப் பேட்டையில், அவர்கள் தெருவில் எந்தத் தொடரைப் பார்க்கலாம், எதைக் கைகழுவலாம் என்பதற்கு அவள் வாக்குதான் தீர்ப்பு. வீட்டை ஒட்டியே இரும்பு கடைகிற லேத் பட்டறை வைத்திருக்கும் திருமலைசாமி இத்தனை வருஷமாக இதைச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து இரைச்சலாக மட்டுமே கேட்டிருக்கிறார்.

ஐந்து நாளைக்கு முன்னால் பங்காரம்மாவின் குரல் நாணில் இருந்த சின்னக் கட்டியை எடுத்தார்கள். கெட்ட கட்டி இல்லை என்று சோதனையில் தெரிந்துவிட்டது. ஆனால் பத்து நாள் பேசக் கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது. பழைய குரல் வருமா என்று கேட்டதற்கு டாக்டர், வரலாம், கட்டைக் குரலாகவே நின்றுவிடவும் செய்யலாம், பேசிப் பார்த்தால்தான் தெரியும் என்று சொல்லிவிட்டார். அப்போது திருமலைசாமி வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். ஊருக்கெல்லாம் கதை சொல்லிச் சொல்லி வந்த கட்டிதானே என்று நர்ஸ் முன்னாலேயே சொல்லிவிட்டார். பங்காரம்மா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். அந்தத் திருப்பல் அவருக்கு இன்னும் உறுத்திக்கொண்டே இருந்தது. அதனால்தான் முந்தின நாள் மூன்று மணிக்கு இரண்டு பெண்களும் கேட்வரை வந்துவிட்டுத் திரும்பிப் போவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தபோது, நானே சொல்கிறேன், வாருங்கள் என்று கூப்பிட்டார். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்றால் இதுதான்.

பெண்கள் போனதும் பங்காரம்மா நோட்டை எடுத்து வேகமாக எழுதினாள். நாற்பது வருஷமாக இருவரும் வீட்டில் பேசுவது தெலுங்கு; ஆனால் இருவருக்குமே அதை எழுதத் தெரியாது. பேச்சு போனதும் அவள் தமிழுக்கு வந்துவிட்டாள். மனைவியின் தமிழைப் படிப்பது முன்பின் தெரியாத ஒரு பெண்பிள்ளையிடமிருந்து கடிதம் வந்த மாதிரி அவருக்குக் கூச்சமாக இருந்தது. “சண்டை என்று சொன்னால் போதுமா? அந்தப் பெண் கோபத்தில் போகும்போது கதவைச் சாத்தவில்லை. திரும்பி வரத்தான் போகிறாள் என்று அங்கேயே தெரிகிறது. அம்மா அழவில்லை, மாவை மட்டும் பலமாகப் பிசைகிறாள். இதையெல்லாம் பார்த்தீர்களா, தூங்கினீர்களா?” என்று எழுதியிருந்தது. அவர் தூங்கவில்லை. ஆனால் கதவைப் பார்க்கவில்லை.

இது ஒரு கொரியத் தொடர். தமிழில் பேச வைத்து வந்தது. பெங்களூரில் வேலையாக இருக்கும் மகன் சாய்குமார் அம்மாவுக்கு டி.வி.யிலேயே நெட்டில் பார்க்கிற வழியைக் காட்டிக்கொடுத்ததிலிருந்து அவள் நம்மூர் சீரியல்களை ஒதுக்கிவிட்டாள். ஒரு கல்யாணத்தை நிறுத்துவதற்கே நூறு எபிசோடு எடுக்கிறான்கள், அரைத்த மாவையே அரைக்கிறதுக்கு நம்ம ராசம்மா போதாதா என்பது அவள் கட்சி. அவளுக்கென்று ஒரு சட்டமும் உண்டு. மூன்று எபிசோடு ஆகியும் யாரும் உட்கார்ந்து சோறு தின்னவில்லை என்றால் அந்தக் கதை ஆகாது. சாப்பிடாத மனுசருக்கு என்ன சந்தோஷம், என்ன துக்கம் என்பாள். ஜாஹிதாவின் வீட்டுக்காரர் பீர் முகம்மதுக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்த மாதத்தில், ஆஸ்பத்திரி வருகிற தொடர் ஒன்றைக்கூட அவளுக்குச் சொல்லவில்லை. தேடித் தேடி, யாருக்கும் காய்ச்சல்கூட வராத ஒரு தொடராகப் பிடித்துச் சொன்னாள். இதை ஜாஹிதா சொல்லித்தான் திருமலைசாமிக்குத் தெரிந்தது.

மறுநாளிலிருந்து அவர் அவளோடு சேர்ந்து உட்கார்ந்து பார்த்தார். அவள் நோட்டில் எழுதி எழுதிக் காட்டினாள். இந்தப் பெண் அழுதால் தோளும் சேர்ந்து அழும், பாருங்கள். இவன் பொய் சொல்லும்போதெல்லாம் தண்ணீர் குடிக்கிறான், கவனியுங்கள். பார்த்தால் அப்படியே இருந்தது. ஒரு நூல் பிசகினாலும் பாகத்தைத் தூக்கி எறிகிற லேத்துக்காரருக்கு, தன் வீட்டிலேயே தன்னைவிடக் கூரான கண் ஒன்று இத்தனை நாள் இருந்திருக்கிறது என்பது ஆச்சரியமாகவும் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

பன்னிரண்டாவது எபிசோடை அரை மணி நேரம் சொன்னார். பெண்கள் கொஞ்சம் தெளிந்தார்கள். கொரியப் பெயர்கள் யார் வாயிலும் நுழையாது என்பதால் பங்காரம்மா எல்லாருக்கும் சொந்தக்காரர்களின் பெயரை வைத்திருந்தாள். நூடுல்ஸ் கடைக்காரரின் மகள் பூஜிதா. அது அவர்கள் மருமகளின் பெயர். அவளை ஏமாற்றுகிறவன் கண்ணையா, பங்காரம்மாவின் தம்பி. நடை அவனுடையது போலவே இருந்ததுதான் காரணம், வேறு பகை இல்லை. இந்தப் பட்டியலை அவள் எழுதிக் கொடுத்திருந்தாள். ஆனால் ஒரு பெயரை எழுதாமல் விட்டிருந்தாள் என்பது, கதை முடிந்து ராசம்மாள் கேட்டபோதுதான் தெரிந்தது.

“அப்புறம் நீங்க என்ன ஆனீங்க?”

திருமலைசாமிக்குப் புரியவில்லை. ஜாஹிதா ராசம்மாளின் தொடையில் கிள்ளினாள். கிள்ளு வாங்கியும் ராசம்மாள் விடவில்லை. “அதானுங்ண்ணா, கடைக்காரப் பெரியவரு. அவருக்கு வெச்சது உங்க பேருங்க. ஆனா அக்கா அத வாயால சொல்ல மாட்டாங்கல்லங்க, அதனால எங்கூட்டுக்காரரு எங்கூட்டுக்காரருன்னே சொல்லுவாங்க. எங்களுக்கும் அப்பிடியே நீங்கன்னு ஆயிப்போச்சுங்க.” பங்காரம்மா சட்டென்று எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள்.

அந்தப் பெரியவரைத் திருமலைசாமி இரண்டு எபிசோடுகளில் பார்த்திருந்தார். கடுகடுவென்று ஒரு முகம். பெண்டாட்டி பரிமாறினால் ஏறிட்டுப் பார்க்காமல் தின்கிற ஆள். மறுநாள் காலையில் பட்டறைக்குப் போகாமல், பங்காரம்மா குளிக்கப் போன நேரமும் துணி காயப்போடப் போன நேரமுமாகப் பார்த்து, முதல் எபிசோடிலிருந்து ஓட்டினார். அந்த மனுஷன் ஒரு நல்ல வார்த்தை பேசவில்லை. உப்புக் குறைச்சல் என்கிறான். கடையில் நாலு பேர் முன்னால் அவளை மட்டம் தட்டுகிறான். நர்ஸ் முன்னால் தான் சொன்னது திருமலைசாமிக்கு ஞாபகம் வந்தது. தன்னைத்தான் தெருவுக்கே இப்படி எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள் என்று நினைத்தபோது கோபம் வரும் என்று எதிர்பார்த்தார். வந்தது பயம். நாற்பது வருஷத்துக்கு இதுதான் மார்க்கா என்று கேட்கவும் முடியாது. கேட்டால் அவளால் பதில் சொல்லவும் முடியாது. அவள் எழுதிக் காட்டினால் அதைப் படிக்கிற தைரியம் அவருக்கு இல்லை.

ஒரு பிளவுஸைப் பிரித்துத் தைக்க வேண்டும் என்ற சாக்கில் ஜாஹிதா வீட்டுக்குப் போனார். துணியைக் கொடுத்துவிட்டும் நின்றுகொண்டிருந்தார். அவள் மிஷினை நிறுத்திவிட்டு, உட்காருங்கண்ணா என்றாள். அவர் உட்காரவில்லை. கடைக்காரர் ரொம்ப மோசமான ஆளோ என்று, யாரோ ஒருவரைப் பற்றிக் கேட்பது போலக் கேட்டார்.

ஜாஹிதாவுக்கு முகமே மாறிவிட்டது. “ஏனுங்ண்ணா அப்பிடிச் சொல்றீங்க? இந்தக் கதையே அவருக்காகத்தானுங்க நாங்க கேக்கறோம். வாயிதான் முள்ளு. கடையில புதுசா வாங்குன இரும்பு ஷெல்பு அந்தம்மா கையக் கிழிச்சுப்போட்டுதுல்லங்க. அந்தம்மா கோயிலுக்குப் போன நேரம் பாத்து, அரத்த எடுத்து, ஷெல்போட அத்தன முனையும் ஒக்காந்து தேச்சு உட்டாருங்களே. உட்டுப்போட்டு, தூளக் கூட்டி அள்ளி, ஒண்ணுமே நடக்காத மாதிரி இருந்துட்டாரு. அத அக்கா சொன்னப்ப நானும் ராசம்மாக்காவும் அழுதுபோட்டோமுங்க.”

அது எத்தனையாவது எபிசோடு என்று கேட்டார். ஆறோ ஏழோ என்றாள் அவள்.

மறுநாள் பங்காரம்மா குளிக்கப் போனதும் ஆறை ஓட்டிப் பார்த்தார். ஏழைப் பார்த்தார். சந்தேகத்துக்கு ஐந்தையும் எட்டையும் பார்த்தார். ஷெல்பு இருந்தது. அந்த அம்மாவின் கையில் ரத்தம் வந்தது. பெரியவர் பார்த்துச் செய்யக் கூடாதா என்று எரிந்து விழுந்துவிட்டு வெளியே போனார். அடுத்த காட்சி வேறு ஊர். அரமும் இல்லை, தேய்த்தலும் இல்லை, கோயிலும் இல்லை.

டி.வி.யை நிறுத்தாமலே சமையலறைக்குப் போனார். ஆறு வருஷத்துக்கு முன்னால் காந்திபுரத்தில் வாங்கிய ஸ்டீல் ஷெல்பு அங்கே இருந்தது. வாங்கிய வாரத்திலேயே அது பங்காரம்மாவின் முழங்கையைக் கிழித்தது. அவள் அக்கா ராமாத்தாளோடு அவிநாசித் தேருக்குப் போன அன்று, பட்டறையிலிருந்து தட்டை அரத்தைக் கொண்டுவந்து பிசிறு எடுத்தவர் அவர்தான். சொல்வதற்கு அதில் என்ன இருக்கிறது என்று சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. கவனிக்கவே இல்லை என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தார். கதவு சாத்தாமல் போனதையும் தண்ணீர் குடிப்பதையும் கவனிக்கிறவள் ஷெல்பின் முனை மழுங்கியதைக் கவனிக்காமலா இருப்பாள்? கவனித்து, மனசுக்குள் வைத்திருந்து, யார் கண்ணும் படாதபடி ஒரு கொரியாக்காரன் தலையில் ஏற்றி, தெருவுக்கே சொல்லியிருக்கிறாள். அந்த விளிம்பைப் பிடித்தபடி திருமலைசாமி அழுதார். குளியலறையில் தண்ணீர் நிற்கும் சத்தம் கேட்டதும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பட்டறைக்குப் போய்விட்டார்.

கடைசி எபிசோடு ஒன்பதாம் நாள் வந்து சேர்ந்தது. மறுநாள் காலை பத்து மணிக்கு ஆஸ்பத்திரியில் பேசிப் பார்க்க வேண்டும். காலைப் பலகாரம் முடிந்ததும் உட்கார்ந்து பார்த்தார்கள். கடையை மூடுகிற நாள். எல்லாரும் போன பிறகு அந்த அம்மா கடைசியாக ஒரு கிண்ணம் நூடுல்ஸ் வைத்து, முப்பது வருஷமாக நான் ஆக்கியது உனக்குப் பிடித்ததா என்று கேட்கிறாள். பெரியவர் குனிந்தபடியே சாப்பிடுகிறார். சாற்றையும் குடித்துவிட்டுக் கிண்ணத்தைக் கீழே வைக்கிறார். ஒன்றும் சொல்லவில்லை. வெளியே மழை. தொடர் முடிந்தது. “பேசவைக்காமல் முடித்தான் பாருங்கள், அங்கேதான் இருக்கிறது கெட்டிக்காரத்தனம். கண்ணை மூடிக்கொண்டு யாருக்கும் சொல்லலாம் இந்தத் தொடரை” என்று பங்காரம்மா எழுதினாள். அவருக்கும் அது சரி என்றுதான் பட்டது.

அன்றைக்கு மூன்று மணிக்குத் திருமலைசாமி சட்டையை மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். ஐம்பது நிமிடம் சொன்னார். யார் எந்தப் பக்கம் பார்த்தார்கள், என்ன குழம்பு, பூஜிதாவின் தோள் எப்படிக் குலுங்கியது, எல்லாம் வந்தது. ராசம்மாள் அரிசி ஊறப்போட்டதை மறந்து உட்கார்ந்திருந்தாள். கட்டிலில் பங்காரம்மா இரண்டு இடத்தில் தலையை ஆட்டினாள், ஒரு இடத்தில் சிரித்தாள். கிண்ணத்தைப் பெரியவர் கீழே வைத்தார் என்பதுவரை வந்தவர் நின்றுவிட்டார். பெண்கள் இருவரும் அவர் வாயையே பார்த்தார்கள். அவர் பங்காரம்மாவின் கழுத்தைப் பார்த்தார்.

“அப்புறம் அவரு சொன்னாருங்க” என்றார். “சோறு நல்லாத்தான் இருந்துது, அது ஒரு பக்கம் இருக்கட்டும். நீ பேசறது செவுத்துக்கு அந்தப்பக்கம் கேட்டுட்டே இருக்கும். நா மெஷின ஓட்டிட்டே இருப்பேன். என்ன பேசறேன்னு ஒரு நாளும் காது குடுத்ததில்ல. அந்தச் சத்தம் நின்னுபோன இந்த ஒம்போது நாளா எனக்குக் கையே ஓடல. நா சொன்னது தப்பு. கட்டக் குரலோ, கரகரக் குரலோ, எப்பிடி வந்தாலுஞ் செரி. நீ பேசோணும். நா வந்து ஒக்காந்து கேக்கோணும்னு சொன்னாருங்க.”

ராசம்மாள்தான் முதலில் வாயைத் திறந்தாள். நூடுல்ஸ் கடையில் மெஷின் ஏது என்று அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஜாஹிதா அவள் கையைப் பிடித்து அழுத்தியும் கேட்காமல் கட்டில் பக்கம் திரும்பினாள்.

“ஏனுங்க்கா, நெசமாலுமே இது கதையில வருதுங்களா?”

பங்காரம்மா மடியிலிருந்த நோட்டை எடுத்தாள். பேனாவைத் திறந்து தாளின்மேல் வைத்தாள். எழுதாமலே பேனாவை மூடினாள். பிறகு நிமிர்ந்து, ராசம்மாளைப் பார்க்காமல் திருமலைசாமியைப் பார்த்தபடி, வருகிறது என்று தலையை ஆட்டினாள். ஆட்டியது போதாது என்பதுபோல இன்னொரு முறையும் ஆட்டினாள்.