முன்பக்கத்து சாட்டின்

கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போதுதான் லொரேதானா அந்தத் தப்பைச் செய்தாள். இத்தாலியின் கோமோ ஊரில் முப்பது வருஷமாக மணப்பெண்களுக்கு உடை தைக்கிறவள். மணப்பெண் மிர்த்தா கொண்டுவந்து கொடுத்தது சுத்தப் பட்டு டச்செஸ் சாட்டின். கனமான துணி, தானாக நிற்கும். உள்பாவாடைக்கு வழுக்கிக்கொண்டு ஓடும் மெல்லிய ஷார்முஸ். இரண்டும் சாட்டின்தான், ஆனால் ஒன்று நிற்கும், மற்றது வழியும்.

பாவாடையின் முன்பக்கத்தில், மேலே துணி விரிக்காமலே இஸ்திரி போட்டுவிட்டாள். நல்ல சூடு. உள்ளங்கை அளவுக்குப் பழுப்பேறிவிட்டது.

பட்டு நெய்கிற மில்லில் கேட்டால் அதே துணி வர ஒரு மாசமாகும் என்றார்கள். மிர்த்தாவிடம் சொல்ல வாய் வரவில்லை. கடையில் அதே வெள்ளையில், அதே மினுமினுப்பில் அசிட்டேட் சாட்டின் கிடைத்தது. மரக்கூழில் செய்கிற துணி. முன்பக்கத்தை மாற்றித் தைத்துவிட்டாள். கண்ணாடி முன் நின்ற மிர்த்தா, "அக்கா, கை வச்சா குளுகுளுன்னு இருக்கு!" என்றபோது லொரேதானா குனிந்து ஓரத்தைச் சரி பண்ணிக்கொண்டிருந்தாள்.

கல்யாண நாள் காலை, கடைசிப் பொத்தான் தைக்க மிர்த்தா வீட்டுக்குப் போனாள். தங்கை நிவெஸ், உடையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த அக்காவுக்கு நகப்பூச்சு பூசிக்கொண்டிருந்தாள். பாவாடையின் முன்பக்கத்தில் ஒரு சொட்டு சிவப்பு விழுந்தது.

"ஐயோ, அசையாதே! இதால பட்டுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு லாண்டிரிக்காரங்க சொல்லியிருக்காங்க" என்று, நகப்பூச்சு துடைக்கிற திரவத்தில் பஞ்சை நனைத்து நிவெஸ் தேய்த்தாள். லொரேதானா "வேண்டாம்!" என்பதற்குள் துணி கரைந்தது. மூன்று விரல் நுழைகிற ஓட்டை.

"ஏன்டி, உனக்கு அறிவிருக்கா? யாரைக் கேட்டுத் தொட்டே?" மிர்த்தா கத்தினாள். அம்மாவும் ஓடிவந்து நிவெஸைத் திட்டித் தீர்த்தாள்.

"பட்டு கரையாதும்மா, சத்தியமா கரையாது!" நிவெஸ் தேம்பினாள்.

லொரேதானாவின் கையில் ஊசி இருந்தது. அவள் வாய் திறக்கவில்லை. நிவெஸ் மூலையில் போய் முகத்தைப் பொத்திக்கொண்ட பிறகுதான், "அவ சொல்றது சரி. அது பட்டு இல்ல, அசிட்டேட். இந்தத் திரவம் பட்டா கரைஞ்சிடும்" என்றாள். தீய்ந்ததையும் மாற்றியதையும் ஒன்று விடாமல் சொன்னாள்.

மிர்த்தா எழுந்து உடையைக் கழற்றிக் கொடுத்தாள். "இப்ப என்ன பண்ணலாம்னு மட்டும் சொல்லுங்க."

பின்னால் தரையில் புரள்கிற நீளத் தோகை முழுக்க அசல் டச்செஸ். லொரேதானா அதிலிருந்து ஒரு துண்டை வெட்டினாள். இழையின் திசை மாறினால் பளபளப்பு வேறாகிவிடும் என்பதால் துணியை இரண்டு தரம் திருப்பிப் பார்த்தே முன்பக்கத்தில் வைத்துத் தைத்தாள். மணப்பெண் குட்டைத் தோகையோடு முக்கால் மணி நேரம் தாமதமாக மாதா கோயிலுக்குப் போனாள். வந்திருந்தவர்கள் யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

கல்யாணம் முடிந்து விருந்து மண்டபப் படிக்கட்டில் லொரேதானா நிவெஸின் கையைப் பிடித்தாள். "என்னை மன்னிச்சிடும்மா."

"துணி விஷயத்துக்கா?" நிவெஸின் கண் இன்னும் சிவந்திருந்தது. "அவங்க என்னைத் திட்டினப்ப நீங்க பக்கத்துலதான நின்னீங்க?"

நிவெஸ் கையை விடுவித்துக்கொண்டு உள்ளே போனாள். லொரேதானா விருந்துக்கு நிற்காமல் ஏரிக்கரை வழியே வீட்டுக்கு நடந்தாள்.