நூற்றிருபத்தைந்து என்று பொறித்த ஜெட்

எங்கள் வீடு எட்டாயிரம் அடி உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்று எவ்வளவு மெலிசு என்றால், போன குளிர்காலத்தில் நான் காலையில் ஊதிய மெழுகுவத்தி மதியச் சாப்பாட்டுக்குத்தான் அணைந்தது. கொலராடோவில் இதையெல்லாம் யாரும் பெரிதாகப் பேசுவதில்லை.

என் மனைவி லவோன் பதினேழு வருஷமாக எல்க் மான் வேட்டைக்கு மனுப் போட்டுக்கொண்டிருந்தாள். இந்த வருஷக் குலுக்கலில் சீட்டு விழுந்தது. ஐந்து நாளில் ஓர் ஆண் மான், அதுவும் பதினோராயிரம் அடியில் இருக்கும் ஏரிப் பக்கத்தில் மட்டும். சீட்டு கைக்கு வந்த நிமிஷமே, மனுவுக்கு ஒன்றாக அத்தனை வருஷம் சேர்ந்த முன்னுரிமைப் புள்ளிகளும் பூஜ்யமாகிவிடும். அடுத்த சீட்டு கிடைக்கும்போது அவளுக்கு எண்பத்தெட்டு வயது ஆகியிருக்கும்.

முழங்காலில் எஃகு வைத்த பிறகு அவளால் மலை ஏற முடியாது. அதற்காக அவள் தம்பி ரேபர்ன், கால்வெஸ்டன் கடற்கரையிலிருந்து தன் நாலு சக்கர வண்டியைக் கொண்டுவந்திருந்தான். ஒருவர் மட்டும் உட்காரும் வண்டி. மறுநாள் விடியும்போது வேட்டைக்காலம் தொடங்குகிறது. அன்று மதியம் வண்டி எங்கள் முற்றத்தில் நின்று கரும்புகை கக்கியது. மேலே பறந்த காக்கை ஒன்று, தான் வெளுத்துப்போய்விட்டோமோ என்று இரண்டு தடவை திரும்பிப் பார்த்தது.

"எங்க ஊர்ல குதிரை மாதிரி ஓடுச்சு மாமா" என்றான் ரேபர்ன்.

"உங்க ஊர்ல காத்தைக் கரண்டியால அள்ளலாம் மச்சான். இங்க அது இல்ல. பெட்ரோல் மட்டும் அதே அளவு இறங்குது, வண்டிக்கு மூச்சு முட்டுது."

கார்புரேட்டருக்குள் ஒரு சின்னப் பித்தளைத் திருகு இருக்கும். அதுதான் ஜெட். அதன் நடுத்துளை வழியாகத்தான் பெட்ரோல் ஏறும். துளை எவ்வளவு பெரிதோ, மேலே பொறித்த எண்ணும் அவ்வளவு பெரிது. ரேபர்ன் வண்டியில் இருந்தது நூற்றிநாற்பது. என் பழைய புகையிலை டப்பாவில் இரண்டு கிடந்தன: நூற்றிருபத்தைந்து, நூற்றிப்பதினெட்டு. ஏரி உயரத்துக்கு நூற்றிருபத்தைந்து போதும் என்று கணக்குப் போட்டேன். பூதக்கண்ணாடியில் எண்ணைப் பார்த்து, கார்புரேட்டரைக் கழற்றி, ஜெட்டை மாற்றி முடுக்கினேன்.

புகை முன்னைவிடக் கறுப்பாக வந்தது.

மறுபடி கழற்றி மிதவையைப் பார்த்தேன். மாட்டினேன். புகை. மறுபடி கழற்றிக் காற்று வடிகட்டியைத் தட்டினேன். மாட்டினேன். புகை. எங்கள் சாலையில் வேட்டைக்காரர்களின் வண்டிகள் ஒவ்வொன்றாக மலைக்குப் போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொன்று போகும்போதும் லவோன் சமையலறை ஜன்னலுக்கு வந்தாள், போனாள், வந்தாள். துப்பாக்கியை நாலாவது தடவையாகத் துடைத்தாள். கடைசியில் வாசலுக்கே வந்துவிட்டாள்.

"யோவ், இன்னும் எத்தனை தடவை அதைப் பிரசவம் பார்க்கப் போற?"

"இதோ ஆச்சு."

"இதையே பன்னெண்டு மணிக்கும் சொன்ன. இப்ப மூணு. டேய் ரேபர்ன், நீ ஏன்டா கையைக் கட்டிக்கிட்டு நிக்கிற?"

"மாமா தொடக்கூடாதுன்னாரு அக்கா."

"அந்த ஜெட்டைக் கழட்டிக் குடு. எல்லாத்தையும் இங்க கொண்டா."

லவோன் நாற்பது வருஷமாகத் துண்டுத்துணி மெத்தை தைக்கிறவள். ஊசிப் பெட்டியைத் திறந்து, நுனி கூர்ந்து மேலே போகப்போகத் தடிக்கும் ஊசி ஒன்றை எடுத்தாள். மூன்று ஜெட்டுகளிலும் அதை இறக்கி, எதுவரை போகிறது என்று கட்டைவிரல் நகத்தை வைத்துப் பார்த்தாள். நூற்றிப்பதினெட்டில் நுனி மட்டும்தான் போனது. நூற்றிநாற்பதில் இன்னும் கொஞ்சம் இறங்கியது. நூற்றிருபத்தைந்தில் பாதி ஊசி உள்ளே போய்விட்டது.

"எண்ணு சின்னது, ஓட்டை பெருசு" என்றாள். "யாரு துளைச்சது?"

நான் வானத்தைப் பார்த்தேன். மழைக்கான அறிகுறி எதுவும் இல்லை.

"ஓர்வல்" என்று என் பெயரை அழுத்திக் கூப்பிட்டாள்.

பதினொரு வருஷம் முன்பு பெட்ரோலுக்குப் பதிலாகச் சாராயத்தில் வண்டி ஓட்டலாம் என்று ஒருத்தன் சொன்னான். சாராயத்துக்குப் பெரிய துளை வேண்டும். நானே சின்னத் துளையாணி வைத்துக் குடைந்தேன். அந்த வருஷம் முழுக்க என் வண்டி, மதுக்கடை வாசலைத் தாண்டவே மறுத்தது. துளைத்ததை நான் மறந்துவிட்டேன், டப்பா மறக்கவில்லை. எங்கள் பக்கத்து ஆட்கள் யாரும் ஒரு ஜெட்டைத் தூக்கி எறிந்து நான் பார்த்ததில்லை.

"ஏது சாராயம்?" என்று கேட்டாள் லவோன்.

"பிளம்ஸ்ல காய்ச்சினது."

"என்னோட ரெண்டு ஜாடி பிளம்ஸ் கெட்டுப்போச்சு, கொட்டிட்டேன்னு சொன்னியே, அதுவா?"

"வண்டிக்குள்ளதான் கொட்டினேன்."

ரேபர்ன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவன் தோள் மட்டும் குலுங்கியது.

"உன்னை வேட்டை முடிஞ்சு வந்து கவனிச்சுக்கிறேன்" என்றாள் லவோன். "இப்ப மிச்சம் இருக்கிறதைப் போடு."

மிச்சம் இருந்தது நூற்றிப்பதினெட்டு. இந்த உயரத்துக்கு அது பத்தாது. பெட்ரோல் போதாமல் எஞ்சின் சூடேறும், முற்றத்தில் ஓட்டிப் பார்த்தால் பிஸ்டனே கருகலாம். மேலே காற்று இன்னும் மெலிசு, ஏரிக்குச் சரியாக இருக்கலாம். இருக்காமலும் போகலாம்.

"அப்ப இங்க முடுக்காத. லாரியில ஏத்து. மேல வனத்துறை கேட்டுல இறக்கிப் பார்ப்போம்."

"அங்க ஓடலைன்னா அக்கா?"

"ஓடலைன்னா உங்க ரெண்டு பேர் முதுகு இருக்குடா."

பத்தாயிரத்து ஐந்நூறு அடியில், வனத்துறைக் கேட்டருகே வண்டியை இறக்கினோம். லாரி அதற்கு மேல் போகாது; ஏரி அங்கிருந்து ஒன்றரை மைல். லவோன் சோக்கை இழுத்து முடுக்கினாள். இரண்டு தடவை இருமியது. மூன்றாம் தடவை பிடித்துக்கொண்டது. புகை இல்லை. கொஞ்சம் ஓட்டி நிறுத்தி, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினேன். முனை கருகவும் இல்லை, வெளுக்கவும் இல்லை; பால் காப்பி நிறம். பெட்ரோல் அளவாக இறங்குகிறது என்று அர்த்தம். அவளிடம் காட்டினேன். பார்க்காமலே கூடாரத்தையும் துப்பாக்கியையும் கட்டிக்கொண்டு ஏறிவிட்டாள்.

நாங்கள் மூட்டையோடு பின்னால் நடந்தோம். மரங்களுக்குப் பின்னால் எஞ்சின் சத்தம் ஏறிக்கொண்டே போனது. முதல் வளைவில் சீராக இருந்தது. பாறைச் சரிவில் ஒருமுறை தடுமாறியது. நான் மூச்சை நிறுத்தினேன், பிறகு அதுவும் நானும் சேர்ந்தே மூச்சு விட்டோம். அப்புறம் சட்டென்று நின்றுவிட்டது.

"போய்ச் சேர்ந்துட்டாளா?" என்றான் ரேபர்ன்.

"சேர்ந்தாலும் சத்தம் நிக்கும். செத்தாலும் நிக்கும்."

"எது மாமா?"

"வாயை மூடிட்டு நட மச்சான்."

எழுபத்துமூன்று வயதில் நான் அந்தச் சரிவை ஓடி ஏறினேன். எனக்கு முன்னால் என் நிழல் மூச்சிரைத்தது. ஏரிக்கு மேலுள்ள மேட்டில் வண்டி நின்றிருந்தது. லவோன் அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள், திரும்பாமலே விரலை உதட்டில் வைத்தாள்.

அக்கரையில், புல்லில், கொம்பு விரித்த ஆண் மான் ஒன்று தலை தாழ்த்தி மேய்ந்துகொண்டிருந்தது.

"நாளைக்கு" என்று அதனிடம் மெதுவாகச் சொன்னாள்.