செவ்வாய் வெள்ளிப் போர்வை

டிசைன் எல்லாம் எங்கே பிடிக்கிறீர்கள் என்று கேட்காத ஆளே இல்லை. பஸ்ஸில்தான். வெள்ளிமலையில் தையல் கடை வைத்திருக்கிற எனக்கு ஊர் சுற்றிப் பார்க்க யார் டிக்கெட் எடுத்துத் தரப் போகிறார்கள்? செவ்வாயும் வெள்ளியும் என் வீட்டுக்காரர் வேடியப்பனைக் கூட்டிக்கொண்டு கள்ளக்குறிச்சிக்கு டயாலிசிஸுக்குப் போவேன். மலை இறங்கி, கச்சிராயபாளையம் தாண்டி, போய்ச் சேர்வதற்குள் இடுப்பு கழன்றுவிடும். நான் பார்த்த உலகம் அவ்வளவுதான்.

அவருக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டன. அதற்கு முன்னால் மரவள்ளிக் கிழங்கு லோடு ஏற்றிக்கொண்டு சின்னசேலம் வரைக்கும் வண்டி ஓட்டியவர். மூட்டையைத் தனியாளாகத் தூக்கிப் போடுவார். இப்போது பஸ் படியில் ஏறவே நான் பின்னால் நின்று முட்டுக் கொடுக்க வேண்டும். எங்களுக்குப் பிள்ளைகளும் இல்லை.

மெஷினில் படுக்க வைத்தால் அரை நாள் ஓடிவிடும். என்னை உள்ளே விட மாட்டார்கள். வெளியே பெஞ்சில் சும்மா உட்கார்ந்தால் கண்டதையும் நினைத்துப் பைத்தியம் பிடிக்கும். அதனால் கடையில் மிஞ்சின வெட்டுத் துணியைப் பையில் திணித்துக்கொண்டு போய் ஒட்டுப் போர்வை தைக்க ஆரம்பித்தேன். வழியில் கண்ணில் பட்டதெல்லாம் போர்வைக்குள் வந்துவிடும். பாறை மேல் காயப் போட்ட கிழங்குச் சீவல், அது கறுப்பில் வெள்ளை. கோமுகி அணைக்குக் கீழே கரும்புக்கும் நெல்லுக்கும் நடுவில் ஓடுகிற வாய்க்கால், அது பச்சைக்குள் பச்சை, ஊடே ஒரு நீலக் கீற்று. கொண்டை ஊசி வளைவைத்தான் பிரித்துப் பிரித்துத் தைத்தேன். சனியன், துணியில் திரும்பவே மாட்டேன் என்றது.

ஆஸ்பத்திரி நர்ஸம்மா ஒருத்தி அந்தப் போர்வைகளைப் போட்டோ எடுத்து யாருக்கோ அனுப்ப, அது சுற்றிச் சுற்றிச் சந்தியாவிடம் போய்ச் சேர்ந்தது. சந்தியா சென்னையில் கைவேலைச் சாமான் விற்கிற பெண். நல்ல பெண், குறை சொல்ல மாட்டேன். ஒரு திங்கட்கிழமை காரில் மலையேறி வந்து, நான் புதிதாகத் தைத்து முடித்திருந்த போர்வையை வாசலில் விரித்துப் போட்டு வீடியோ எடுத்தாள்.

அது வெள்ளைக் காடாத் துணி. மேலே சிவப்புக் கோடுகள். ஒரு கோடு போகும், ஒரு கோடு வரும், நடுவில் வட்டமாக ஒன்று.

"சாயங்கால வெயில்ல செவப்பாத் தெரியுற ஆறுதானேக்கா இது?" என்று கேட்டாள் சந்தியா.

"ஆமாம்மா, ஆறுதான்."

வேறு என்ன சொல்ல? ஒரு நாள் கதவு திறந்திருந்தபோது எட்டிப் பார்த்தேன், அவர் கையிலிருந்து ரத்தம் போகிற குழாயும் திரும்பி வருகிற குழாயும் நடுவில் சுற்றுகிற மெஷின் சக்கரமும்தான் அது என்று, வீடியோ ஓடும்போது சொல்ல முடியுமா?

"ட்ராவல் பண்ணும்போதுதான் டிசைன் வருதுன்னு சொல்லுங்க. சிரிச்சிட்டே சொல்லுங்க சின்னப்பொண்ணுக்கா."

பல்லைக் காட்டிக்கொண்டு சொன்னேன். "பஸ் ஏறினாத்தான் எனக்கு டிசைனே வரும். எப்படா செவ்வாக்கெழம வரும்னு இருக்கும்" என்று கேட்காததையும் சேர்த்துச் சொல்லித் தொலைத்தேன். உள்ளே கட்டிலில் கிடந்தவருக்குக் காது மட்டும் நன்றாகக் கேட்கும்.

கார் போனதும் ஆரம்பித்தார். "இன்னாடி, ஆறா அது?"

"சும்மா இருங்க மாமா. அந்தப் பொண்ணுகிட்ட வேற இன்னா சொல்றது?"

"எப்படா செவ்வாக்கெழம வரும்னு இருக்குதா ஒனக்கு? எனக்கு ஊசி குத்துனா ஒனக்கு டிசைன் வருது. அதுக்குத்தான் என்ன இஸ்துக்கினு போற. நான் ஒனக்கு பஸ் டிக்கெட்டு, அவ்ளோதான்."

எனக்கு மட்டும் வாய் சும்மா இருக்குமா? "ஆமாய்யா, ஒன்ன இஸ்துக்கினு போயி ஊட்டியும் கொடைக்கானலும் சுத்திப் பாக்கறேன்! ஒரு நாளைக்கு அந்த பெஞ்சில நீ குந்திப் பாரு, தெரியும்!" என்று கத்தினேன்.

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். "இனிமே நான் பஸ் ஏற மாட்டேன். நீ மட்டும் போயி டிசைன் பாத்துட்டு வா."

கோபத்தில் சொல்கிறார், விடிந்தால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். செவ்வாய்க்கிழமை வெந்நீர் வைத்து, சட்டையும் எடுத்து வைத்தேன். மனுஷன் எழுந்திருக்கவே இல்லை. கெஞ்சினேன், திட்டினேன், காலைப் பிடித்தேன். பஸ் போய்விட்டது. வியாழக்கிழமைக்குள் முகம் உப்பி, கால் வீங்கி, படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து மூச்சு வாங்கினார். வெள்ளிக்கிழமையும் விட்டால் ஆள் தாங்க மாட்டார் என்று நர்ஸம்மா போனில் சொன்னாள். ஆம்புலன்ஸைக் கூப்பிடட்டுமா என்றால், வேண்டாம் என்று இரண்டு கையையும் எடுத்து என்னைக் கும்பிட்டார். கட்டின பெண்டாட்டியைக் கும்பிடுகிறாரே என்று அவர் கையைப் பிடித்து இறக்கினேன்.

வெள்ளிக்கிழமை காலையில், பஸ் வருகிற நேரத்துக்கு, அந்த வெள்ளைப் போர்வையையும் பெரிய கத்தரிக்கோலையும் எடுத்துக்கொண்டு அவர் எதிரில் உட்கார்ந்தேன்.

"இதுனாலதான கோவம்? எனக்கு ஒரு டிசைனும் வேணாம் மாமா. பாருங்க."

வெட்டினேன். சிவப்புக் கோடெல்லாம் துண்டு துண்டாக விழுந்தது. அதோடு விடவில்லை. பெட்டியைத் திறந்து கிழங்குச் சீவல், வாய்க்கால், கொண்டை ஊசி வளைவு எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுக் கை கடுக்கக் கடுக்க வெட்டினேன். "இனிமே நான் ஊசியத் தொட்டா செருப்பால அடிங்க. பஸ்ஸில கண்ண மூடிக்கினு வரேன். எந்திரி சாமி, எந்திரி!"

அவர் தரையில் கிடந்த துணிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் வீங்கின கையை நீட்டி ஒரு சிவப்புத் துண்டை எடுத்தார்.

"ஏண்டி இப்டிப் பண்ண? நல்லா இருந்துச்சேடி. அந்தக் கொழாய அப்டியே தெச்சிருந்த. நீ தெச்சதுலயே எனக்கு இதான் புடிச்சுது."

குரலில் துளிக்கூடக் கோபம் இல்லை.

"அப்ப அன்னிக்கு ஏன் அப்டிப் பேசின?"

"வேற இன்னா பண்றது? வரலன்னு நல்லபடியாச் சொன்னா நீ வுடுவியா? எங்கிட்டக் கோவம் வந்து, எப்டியோ போய்த் தொலைன்னு நீயே வுட்டுடுவன்னு பாத்தேன்." மூச்சு வாங்கிக்கொண்டு நிறுத்தினார். "என்னால முடியல சின்னப்பொண்ணு. ரொம்ப நாளா முடியல. வுட்டுடு."

கோபம் என்றால் கெஞ்சியாவது தணிப்பேன். இதற்கு நான் என்ன செய்வேன்? யாரிடம் போய்ச் சண்டை போடுவேன்?

வெளியே பஸ் ஹாரன் அடித்தது. டிரைவருக்கு எங்களைத் தெரியும். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் அடித்தார். அப்புறம் வண்டி கிளம்பி இறக்கத்தில் போகிற சத்தம் கேட்டது. நான் எழுந்து ஓடவில்லை.

"தண்ணி குடு" என்றார். "சொம்பு நெறையக் குடு."

மெஷினில் படுக்கத் தொடங்கினதிலிருந்து அவருக்கு அளந்துதான் தண்ணீர். அதிகம் போனால் நெஞ்சில் கோத்துக்கொள்ளும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நாக்கு வறண்டு அவர் கெஞ்சினபோதெல்லாம், உயிரோடு இருக்கட்டும் என்றுதான், ஒரு மடக்குக்கு மேல் நான் கொடுத்ததில்லை.

குடத்துக்குப் போய்ச் சொம்பு நிறைய மொண்டுகொண்டு வந்தேன். அவர் இரண்டு கையாலும் வாங்கி, மார்பெல்லாம் வழிய வழிய, முழுவதையும் குடித்தார். குடித்துவிட்டுச் சொம்பை என்னிடம் நீட்டினார்.

"இன்னொண்ணு."

போய் மொண்டு வந்து கொடுத்தேன்.