சோப்புத்தூள் மேல் விழுந்த பழி

இன்னும் கொஞ்சம் கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுகளா. கடலுக்கடியில் கிடப்பதையெல்லாம் பார்த்து வந்த ஒரு மேதாவி, தன் நெஞ்சுக்குள் இருந்ததைப் பார்க்காமல் சோப்புத்தூளோடு மல்லுக்கு நின்ற கதை சொல்கிறேன்.

அவன் கடலில் மூழ்கக் கற்றுக்கொடுக்கும் ஸ்கூபா பயிற்சியாளன். பட்டப்பெயர் 'சுறா'. வைத்ததும் அவனேதான். முப்பது மீட்டர் ஆழம் போய்வந்த நாளிலெல்லாம் வயிற்றில் ஊதாவும் சிவப்புமாகத் திட்டுத் திட்டாகத் தடித்து, அரிப்பு பிடுங்கும்.

"உன் சோப்புத்தூள்தான்டி! டைவிங் உடுப்பை ஒழுங்கா அலசத் தெரியுதா?"

ஆறு வருடமாக இதே பாட்டு. மனைவி மூன்று தூள் மாற்றினாள். பிறகு வெறுந்தண்ணீரில் அலசினாள். தடிப்பும் நிற்கவில்லை, அவன் வாயும் நிற்கவில்லை.

ஒருநாள் காலையில் அந்த ரப்பர் உடுப்பை அவளே மாட்டிக்கொண்டாள். அதோடு சமைத்தாள், வீடு பெருக்கினாள். நாத்தனார் வந்து வாயைப் பிளந்தாள்.

"என்ன அண்ணி, குக்கருக்குள்ள குதிக்கப் போறீங்களா?"

சாயங்காலம் உடுப்பைக் கழற்றிவிட்டுக் கணவன் முன் கையை நீட்டினாள். "ஒரு புள்ளி இருக்கா பாருங்க. கோளாறு துணியில இல்ல, உங்களுக்குள்ள."

"எனக்கா? இரும்பு உடம்புடி. நாளான்னைக்கு நாப்பது மீட்டர் இறங்குறேன்."

"இரும்புன்னா துருப்பிடிக்கும், அண்ணா. முதல்ல டாக்டர்கிட்ட நட" என்றாள் தங்கை.

இருவருமாக மறுநாளே இழுத்துப்போனார்கள். டாக்டரம்மா நுண்குமிழி கலந்த உப்புநீரைக் கை நரம்பில் ஏற்றி, மூச்சைப் பிடித்து முக்கி, பிறகு விடச் சொன்னார். ஸ்கேன் திரையில் இதயத்தின் வலப்பக்கத்துக் குமிழிகள் இடப்பக்கம் தாவின.

"இதயத்துல பிறந்ததும் மூடவேண்டிய சின்ன வழி உங்களுக்கு மூடல. நாலு பேர்ல ஒருத்தருக்கு இருக்கும், பெரும்பாலும் தொந்தரவே இல்ல. ஆனா ஆழத்துலேர்ந்து மேல வரும்போது ரத்தத்துல நைட்ரஜன் குமிழி உண்டாகும். நுரையீரல் வடிகட்டவேண்டியது, உங்களுக்கு இந்த வழியா தப்பிச்சுடுது. இதுவரைக்கும் தோலோட போச்சு. அடுத்த தடவை மூளைக்குப் போனா?"

சுறா தன் வயிற்றைத் தடவிப் பார்த்தது. "அப்போ... சோப்பு?"

"வீட்டுக்குப் போய் அதுகிட்ட மன்னிப்புக் கேளுங்க" என்றாள் மனைவி.

வருடா வருடம் தன் உடல்நலப் படிவத்தில், ஒரு சோதனையும் செய்யாமல், 'இதயக் கோளாறு இல்லை' என்று டிக் போட்ட சுறா அது. மாணவர்களின் படிவத்தை மட்டும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்குமாம்!

நாற்பது மீட்டர் நின்றது. இப்போது டாக்டரம்மா சொன்ன அளவுக்குள், மீன்குஞ்சு விளையாடும் ஆழத்தில்தான் பாடம் நடத்துகிறான். உடுப்பையும் அவனே அலசுகிறான், சோப்புத்தூள் போட்டு.

செல்லங்களா, உங்கள் வீட்டில் யார்மேலும் வீண்பழி விழாமல், உடம்பு சொல்வதும் துணை சொல்வதும் காதில் ஏறி, எல்லோரும் நிறைந்த மூச்சோடு நீடு வாழுங்கள்.