எங்கள் வீட்டு மட்டன் கட்லெட்

அன்று ஏலத்தில் முதலில் விலை சொன்னது ஞானதாஸா, வேறு யாராவதா என்று இப்போது எனக்கு உறுதியில்லை. மழை தூறியது போலவும் ஒரு நினைவு. ஜனவரியில் மழை ஏது. என் வீட்டுக்காரர் ராபின்சனிடம் கேட்டால் சரியாகச் சொல்லிவிடுவார். நாங்கள் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

நெய்யாற்றின்கரையில் ஒரு பல் டாக்டரிடம் டோக்கன் கொடுக்கும் வேலை எனக்கு. பல்வலிக்காரர்கள் அதிகம் பேச மாட்டார்கள். அந்த அமைதி எனக்குப் பிடிக்கும். மேஜையில் கிடக்கும் மலையாளப் பெண்கள் பத்திரிகைகளை வாசித்துக்கொண்டிருப்பேன். பழையவற்றை என் வீட்டுக்கு எடுத்துப்போகும்படி டாக்டர் சொல்லிவிடுவார்.

சமையல் பக்கத்தில் பெரிதாக ஒரு படம் இருக்கும். முந்திரிப்பருப்பு என்று போட்டிருந்தால் நான் பலாக்கொட்டையை வேகவைத்து அரைப்பேன். க்ரீமுக்குத் தேங்காயின் தலைப்பால். ஆட்டிறைச்சிக்குப் பிஞ்சுப் பலா. எங்கள் பக்கம் இடிச்சக்கை என்போம். அவித்து அம்மியில் வைத்துத் தட்டினால் நார் நாராகப் பிரியும். மிளகும் பெருஞ்சீரகமும் தூக்கலாகச் சேர்த்து, ரஸ்க் பொடியில் புரட்டிப் பொரிப்பேன்.

பெயரை மட்டும் மாற்றியதில்லை. பத்திரிகையில் என்ன போட்டிருக்கிறதோ அதுவே எங்கள் வீட்டிலும். “இன்னைக்கு மட்டன் கட்லெட்டாக்கும்” என்பேன். அம்பூரியில் ரப்பர் பால் வெட்டப் போய்விட்டு வந்து உட்கார்ந்திருக்கும் ராபின்சன் சிரிப்பார். அது எங்கள் இருவருக்கும் விளையாட்டு. எட்டு வயது மகள் சுமிக்கு அது விளையாட்டில்லை என்பது எங்களுக்குத் தோன்றவே இல்லை.

சபையில் அறுப்பின் பண்டிகைக்கு ஒவ்வொரு வீட்டிலிருந்தும் விளைச்சலோ பலகாரமோ கொண்டுவந்து படைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் ஏலம். நான் ஒரு தூக்குப் பாத்திரம் நிறையக் கட்லெட் செய்து சுமியின் கையில் கொடுத்தனுப்பிவிட்டு, பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தேன். மைக் பிடித்திருந்த சஜு குனிந்து அவளிடம் ஏதோ கேட்டான். அவள் சொன்னாள்.

“சுகிர்தபாய் அக்கா வீட்டு மட்டன் கட்லெட்டு! மணம் மூக்கத் தொளைக்குது. ஏலம் விளியுங்க, விளியுங்க!”

சிமெண்ட் கடை ஞானதாஸ் ஒரு விலை சொன்னார். “என் வீட்டுக்காரிக்கு ராத்திரி அடுப்புல வேல இல்ல” என்று சேர்த்துக்கொண்டார். அடிக்கடி ஆடு வாங்கும் வீடு அது. முதல் கடியிலேயே தெரிந்துவிடும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சபை முழுக்கப் பேச்சாக இருக்கும். எழுந்து, அது இடிச்சக்கைதான் என்று சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். உட்கார்ந்தே இருந்தேன்.

அப்போது ஆண்கள் பக்கத்தில் ராபின்சனின் கை உயர்ந்தது.

“எலே ராபின்சா!” ஞானதாஸ் திரும்பிப் பார்த்தார். “உன் வீட்டு அடுப்புல வெந்தத நீயே விளிக்கியா?”

“எனக்கு வேணும்.”

“ஏன், அவ உனக்குத் தராம பூட்டி வச்சிருக்காளோ?”

எல்லோரும் சிரித்தார்கள். “பொண்டாட்டி கைப்பக்குவத்த அண்ணன் ஊருக்கு விட்டுத் தர மாட்டாராக்கும்!” என்றான் சஜு. ஞானதாஸுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. வேடிக்கைக்காக ஏற்றிக்கொண்டே போனார். ராபின்சனின் குரல் ஒவ்வொரு முறையும் சிறுத்துக்கொண்டே வந்தது, ஆனால் நிற்கவில்லை. அவர் சட்டைப் பையில் இருந்த பணம் சுமியின் செருப்புக்கு வைத்திருந்தது.

கடைசியில் ஞானதாஸ் கையெடுத்துக் கும்பிட்டு விலகிக்கொள்ள, கைதட்டினார்கள். பக்கத்தில் இருந்தவள் என் தொடையைக் கிள்ளி, “குடுத்து வச்சவ நீ” என்றாள். நான் சேலைத் தலைப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்து ஏலத்துக்கு வந்தது, செங்கல் ஊரிலிருந்து யாரோ கொண்டுவந்த இரண்டு இடிச்சக்கை. காம்பில் பால்கூட உலர்ந்திருக்கவில்லை. யாரும் சிரிக்கவில்லை. ஞானதாஸ் நல்ல விலை சொல்லி, இரண்டையும் மார்போடு அணைத்து எடுத்துப் போனார்.

வீட்டுக்கு வந்தோம். ராபின்சன் பாத்திரத்தைத் திறந்து மூன்று தட்டில் வைத்தார்.

“அப்பா, நம்ம கட்லெட்ட நாமளே எதுக்கு வாங்கினோம்?”

அவர் என்னைப் பார்க்காமல் தின்றுகொண்டிருந்தார்.

“அது ஆடு இல்ல மக்கா” என்றேன். “நம்ம மரத்துச் சக்கையாக்கும்.”

சுமி கையிலிருந்ததைப் பிட்டு, உள்ளே இருந்த நாரைப் பார்த்தாள்.

“எப்பவுமா?”

“எப்பவும்.”

“அப்போ கோழி?”

நான் இன்னொரு கட்லெட்டை அவள் தட்டில் வைத்தேன்.

“ஸ்கூல்ல எல்லார்ட்டயும் சொல்லியிருக்கேன்மா” என்றாள். மிச்சம் வைக்காமல் தின்றுவிட்டு, தட்டை அவளே கழுவி வைத்தாள். அதுவரை அவள் தட்டை நான்தான் கழுவிக்கொண்டிருந்தேன்.

சுமி இப்போது தனுவச்சபுரத்தில் கல்லூரிக்குப் போகிறாள். வீட்டில் என்ன வைத்தாலும் பெயர் கேட்காமல் சாப்பிடுகிறாள். ராபின்சன் இன்னும் ரப்பர் வெட்டுகிறார். சஜு துபாயில் இருக்கிறான். ஞானதாஸ் கடையை மகனிடம் விட்டுவிட்டு வீட்டோடு இருக்கிறார். டாக்டர் அவருக்கு இறைச்சி கூடாது என்று சொல்லிவிட்டாராம். நான் அதே பல் டாக்டரிடம் டோக்கன் கொடுக்கிறேன். பண்டிகைக்கு வருடந்தோறும் ஒரு இடிச்சக்கையை முழுதாகக் கொண்டுபோய் வைக்கிறேன்.