மெதுவாகச் சொல்லியிருக்கலாம்

விடுதியின் மூன்றாம் மாடி மூலை அறையில் கட்டில் சுவரோடு ஒட்டிக் கிடந்தது. சுவர்ப் பக்கத்து விரிப்பைச் செருக, ஒரு முழங்காலை மெத்தையில் ஊன்றி, வாசலுக்கு முதுகைக் காட்டிக் குனிந்தாக வேண்டும். அந்த மாடியைச் சுத்தம் செய்யும் அண்ணி எவ்வளவு வேகமாகச் செருகினாலும் மூலை அறைக்காரர் அதற்குள் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார். மாதக்கணக்கில் தங்கியிருப்பவர். மற்ற அறைக்காரர்கள் சுத்தம் செய்ய ஆள் வந்தால் வெளியே போய் நிற்பார்கள். இவருக்கு அப்போதுதான் அலமாரியில் ஏதாவது தேட வேண்டியிருக்கும். போன வாரம் அவள் இடுப்பில் கையை வைத்தார். "வேணாம் சார்" என்று அவள் மெதுவாகச் சொன்னதற்கு, "கால் தடுக்கிடுச்சு" என்று சிரித்தார். அன்றிலிருந்து அண்ணிக்கு உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றியது, எழுந்தால் நடக்கத் தோன்றியது.

நான்காம் மாடியில் அதே வேலை பார்க்கும் நாத்தனாரிடம் மட்டும் சொன்னாள். வீட்டில் மூச்சு விடவில்லை. சொன்னால் முதலில் வேலையை விடச் சொல்வார்கள். விட்டால் வீடு எப்படி ஓடும் என்பதை யாரும் சொல்ல மாட்டார்கள்.

"பேசாம ஏதாவது சண்டை கத்துக்கலாம் அண்ணி."

"என்ன சண்டைடி?"

"அது செருப்பு மாதிரி. போட்டுப் பாத்துதான் எடுக்கணும்."

தையல் வகுப்பு என்று வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள். கராத்தே பள்ளியில் எல்லோரும் வரிசையாக நின்று காற்றைக் குத்திக்கொண்டிருந்தார்கள். நாத்தனாருக்கு அந்த வெள்ளை உடுப்பு பிடித்துப்போய், அங்கேயே சேர்ந்துவிட்டாள். ஆள் பின்னால் வந்தால் என்ன செய்வது என்று அண்ணி கேட்டதற்கு, "திரும்பி நின்னு உதைக்கணும்மா" என்றார் மாஸ்டர். ஒரு முழங்கால் மெத்தையில் இருக்கும்போது எந்தக் காலால் உதைப்பது என்று அவள் கேட்கவில்லை.

குத்துச்சண்டைக்காரர் அவள் கையைப் பார்த்து அசந்துபோனார். தினமும் மெத்தை தூக்குகிற கை. "மூக்குல ஒண்ணு விடுங்க, ஆளு எந்திரிக்க மாட்டான்."

"மூக்குல ரத்தம் வந்தா யாரைப் பிடிப்பாங்க?" என்றாள் அண்ணி. அவர் கையுறையைக் கழற்றத் தொடங்கினார்.

ஜூடோ சொல்லிக்கொடுத்த அம்மாள்தான், "எங்க வச்சுப் பிடிக்கிறான்?" என்று கேட்டாள். அண்ணி பாயில் முழங்காலை ஊன்றிக் குனிந்து காட்டினாள். அந்த அம்மாள் பின்னாலிருந்து இடுப்பைப் பிடித்தாள்.

"தள்ளாதீங்க. அவன் இழுக்கிற பக்கமே சாஞ்சு திரும்புங்க. இப்போ வாசப் பக்கம் நீங்க, கட்டில் பக்கம் அவன். ஆனா எல்லாத்துக்கும் முன்னாடி கத்தணும்."

திரும்புவது சீக்கிரம் வந்துவிட்டது. கத்துவதுதான் வரவில்லை. "விடுடா" என்று அவள் சொன்னது, அறைக் கதவைத் தட்டி உள்ளே வரலாமா என்று கேட்பதுபோல இருந்தது. எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். பிறகு தன்மீதே ஆத்திரம் வந்து கண் கலங்கியது. நடைபாதையில் குரல் எழக் கூடாது என்பது விடுதியின் சட்டம். அது எப்போது தொண்டைக்குள் போய் உட்கார்ந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. சாலையில் லாரி ஹாரன் அடிக்கும்போதெல்லாம் அதோடு சேர்ந்து கத்திப் பழகினாள்.

"ஐயோ அண்ணி, எல்லாரும் பாக்குறாங்க" என்று நாத்தனார் தள்ளி நடந்தாள்.

அடுத்த முறை மூலை அறைக்காரரின் கை இடுப்பில் விழுந்தபோது, கால் தடுக்கியதாக அவர் சொல்லவில்லை. இறுக்கிப் பிடித்து இழுத்தார். "விடுடா நாயே" என்று கத்திக்கொண்டே அண்ணி அந்தப் பக்கமே சாய்ந்து திரும்பினாள். அவர் தடுமாறிக் கட்டிலில் விழுந்தார். அவள் வாசலுக்கு வந்து நின்றாள். விட்டபிறகும் இன்னொரு முறை கத்தினாள். நடைபாதை நெடுக கதவுகள் திறந்தன. அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

மேலாளர் அவளை உட்காரச் சொன்னார். இதுவரை அந்த அறையில் யாரும் அவளை உட்காரச் சொன்னதில்லை.

"அவர் ஒண்ணும் பண்ணலைன்னு நான் சொல்லலைம்மா. பக்கத்து ரூம்ல குழந்தை முழிச்சு அழுதிருக்கு. எதிர் ரூம்காரங்க காலி பண்ணிட்டே போயிட்டாங்க. மெதுவா சொல்லியிருக்கலாமே."

"இத்தனை நாளா மெதுவாத்தான் சார் சொன்னேன்."

அவளை நிலவறைச் சலவைக்கூடத்துக்கு மாற்றினார்கள். மூலை அறைக்காரரை எங்கும் மாற்றவில்லை. மூன்றாம் மாடியை நாத்தனாருக்குக் கொடுத்தார்கள். "வெளி ஆளுக்கா குடுத்தோம், உங்க வீட்டுக்குள்ளயேதான இருக்கு" என்றார் மேலாளர். நாத்தனாரைக் கூப்பிட்டு, குரல் விஷயத்தைத் தனியாகச் சொல்லி அனுப்பினார்.

சலவைக்கூடத்தில் யந்திரங்கள் ஓயாமல் சுழன்றன. மூன்றாம் நாள், அழுக்கு விரிப்பு வண்டியைத் தள்ளிக்கொண்டு நாத்தனார் வந்தாள். சட்டையின் தோள் தையல் பிரிந்திருந்தது. அண்ணியின் எதிரில் நின்று ஏதோ சொன்னாள். உதடு அசைந்தது மட்டுமே தெரிந்தது.

"கேக்கல. கத்திச் சொல்லுடி" என்று அண்ணி கத்தினாள்.

நாத்தனார் திரும்பி மாடிப்படியைப் பார்த்தாள். பிறகு வாயை அண்ணியின் காதருகே கொண்டுவந்து, இன்னும் மெதுவாகச் சொன்னாள்.