புத்தகத்தை மூடிவிட்டுச் சொல்

என் வீட்டுக்காரர் அன்புராஜுக்குப் புத்தகத்தைக் கண்டாலே கண் சொருகும். சோம்பேறி இல்லை, பாவம். கம்பெனியில் பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வருகிற மனுஷன். அதனால் நான் வாசிப்பேன், அவர் கேட்பார். விடிகாலை ஐந்துக்கு அலாரம், ஆளுக்கு ஒரு டம்ளர் டீ, ஒரு பாடம். கரையாம்புத்தூரில் எங்கள் தெருவுக்கே கேட்கிற மாதிரி எட்டு மாதம் வாசித்தேன்.

இரண்டு பேருக்கும் முப்பத்திரண்டு வயது. அவர் எழுதப்போகிற அரசாங்கக் கிளார்க் பரீட்சைக்கு வயது வரம்பும் அதுதான். இதை விட்டால் எங்களுக்கு வேறு பரீட்சை கிடையாது.

பாகூர் கோச்சிங் சென்டரில் ஒரு வழி சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஒரு பக்கம் படி, புத்தகத்தை மூடு, படித்ததை உன் வார்த்தையில் சொல். மறுநாளும் சொல், வாரம் கழித்தும் சொல்.

இவர் இரண்டு வரி சொல்வார், முழிப்பார். "நீயே சொல்லேன் செல்வி, நீ சொன்னா மனசுல நிக்குது" என்பார். எனக்குப் பெருமை தாங்காது. புத்தகத்தை மடியில் மூடி வைத்துக்கொண்டு கடகடவென்று சொல்வேன். அவர் தலையாட்டுவார். படிக்கிறது யார் என்று ஒரு நாளாவது யோசித்தோமா? இல்லை.

நடுவில் விண்ணப்பம் போடப் போனோம். பிரவுசிங் சென்டர் கஸ்தூரி, "அக்கா, உனக்கும் சேத்துப் போட்டுடட்டா? டிகிரிதான் கீதே" என்று கேட்டாள்.

"ரெண்டு பேரும் ஆபீஸ் போயிட்டா வூட்ல சோறு யாரு ஆக்கறது?" என்று இவர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

பரீட்சை எழுதிவிட்டு வந்தவர் வினாத்தாளைக் கட்டிலில் எறிந்தார். உலை கொதிக்கிற நேரத்தில் சும்மா பென்சிலால் விடைகளைக் குறித்து வைத்தேன். மூன்றாம் நாள் விடைப்பட்டியல் வந்தது. அவருக்கு நூற்றுக்கு நாற்பத்தேழு. என் பென்சிலுக்கு எண்பத்தெட்டு. அவர் திரும்பத் திரும்ப எண்ணினார்.

"உன் வேலைய நான் கெடுத்துட்டேன்டி."

"நீ மட்டுமா கெடுத்த மாமா? கஸ்தூரி வாய்விட்டுக் கேட்டாளே! பல்ல இளிச்சிக்கினு நின்னேனே, என்னைச் செருப்பால அடிக்கணும்!" கத்தினேன். அன்றைக்கு இரண்டு பேரும் சாப்பிடவில்லை.

மறுநாள் ஐந்துக்கு அலாரம் அடித்தது. பரீட்சை முடிந்தும் யாரும் அதை மாற்றி வைக்கவில்லை. அவர் எழுந்து டீ போட்டார். புத்தகத்தை எடுத்து, முதல் தடவையாக, தடுமாறித் தடுமாறி ஒரு பக்கம் எனக்கு வாசித்துக் காட்டினார். பிறகு மூடினார்.

"சொல்லு."

எதற்கு என்று கேட்க நினைத்தேன். ஆனால் வாய் தானாகச் சொல்ல ஆரம்பித்தது. ஒன்றையும் விடாமல் சொல்லி முடித்தேன்.

"எல்லாமே சரி செல்வி" என்றார், தரையைப் பார்த்தபடி.

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.